விப்டெயில் மீன் எந்த இனம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தொட்டியில் விப்டெயில் வளர்க்கிறவர்கள் போட்டோ அனுப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இது என்ன மீன்?" பதிலுக்கு நான் கேட்பதும் மாறுவதில்லை. வாய் தெரிகிற படம் இருக்கிறதா, மீன் எவ்வளவு நீளம், என்ன பெயர் சொல்லி விற்றார்கள்? இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று இதைத் தொகுத்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேரினம் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டம்) எது என்பதைக் கொஞ்சம் பொறுமை இருந்தால் யாரும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்குள் எந்த இனம் என்பது வேறு கதை. பல மீன்களுக்கு "பேரினம் இது, இனம் உறுதியில்லை" என்று நிறுத்திக்கொள்வதுதான் நேர்மையான பதில்.

1. விப்டெயில்னா என்ன? சக்கர் மீன்லயே ஒரு வகையா?

சொந்தக்காரர்கள். கடையில் சக்கர் அல்லது டேங்க் கிளீனர் என்று விற்கும் ப்ளெக்கோவும் விப்டெயிலும் லோரிக்காரிடே என்ற ஒரே குடும்பம். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, அடிப்பக்கம் உறிஞ்சு வாய், இரண்டுக்கும் பொது. அந்தக் குடும்பத்துக்குள் லோரிக்காரினே என்ற கிளையைத்தான் விப்டெயில் என்கிறோம். எல்லாமே தென் அமெரிக்கா, பனாமா பக்கத்து ஆறுகளிலிருந்து வந்தவை.

பிரித்துப் பார்க்க இரண்டு அடையாளம் போதும். விப்டெயிலுக்கு உடம்பின் பின்பாதி மேலிருந்து கீழாக அமுங்கித் தட்டையாக, வால் வரைக்கும் மெலிந்துகொண்டே போகும். அப்புறம், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சாதாரண சக்கருக்கு ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். விப்டெயிலுக்கு அது கிடையாது. முதுகு வாலை நோக்கி வெறுமையாக ஓடும்.

2. நம்ம நாட்டு ஆத்துல இதே மாதிரி ஒரு மீன் பாத்திருக்கேன். அதுவும் இதுதானா?

கங்கை, யமுனைப் பக்கம் பார்த்திருந்தால் அது சைசர் என்ற கெளுத்தியாக இருக்கலாம். 1822-இல் ஹாமில்டன் பெயரிட்ட மீன். மெலிந்த உடம்பும் வாலின் மேல்நுனியில் நீண்ட நூலும் விப்டெயிலை அப்படியே நினைவுபடுத்தும். ஆனால் குடும்பமே வேறு. ஓடும் தண்ணீரின் அடித்தரையில் வாழ்கிற இரண்டு மீன்கள் தனித்தனியாக ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

தமிழ்நாட்டுக் குளத்தில் நீங்கள் பார்த்தது ஊசி மூக்கோடு மேல்மட்டத்தில் நீந்தியது என்றால் அது கொக்கு மீன். அதை ஃபார்லோவெல்லாவோடு, அதாவது குச்சி மாதிரி ஒல்லியான, நீண்ட மூக்குள்ள விப்டெயிலோடு, குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. கொக்கு மீனின் மூக்கு பல் நிறைந்த தாடை, திறந்து மூடும். ஃபார்லோவெல்லாவின் மூக்கு வெறும் நீட்டம். வாய் அதற்குப் பின்னால் அடிப்பக்கத்தில் இருக்கும்.

3. பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது சார்? மீன் நல்லா இருந்தா போதாதா?

நல்லா இருப்பதற்கே பெயர் வேண்டியிருக்கிறது. நம் கடைகளுக்கு அதிகம் வரும் பழுப்பு விப்டெயிலான ரைனெலோரிக்காரியா கிடைத்ததைச் சாப்பிடும். மூழ்கும் தீவனம், உறைந்த புழு, வெள்ளரித் துண்டு என்று எதிலும் தேறிவிடும். ஃபார்லோவெல்லாவுக்குக் கட்டையிலும் இலையிலும் படிந்த பாசிப்படலம் இல்லாவிட்டால், வயிறு ஒட்டிப்போய் மெல்ல மெல்லச் சாகும். புதிதாக அமைத்துத் துடைத்து வைத்த தொட்டியில் அதை விட்டால் பிழைப்பது கஷ்டம். தட்டை உடம்புள்ள இன்னொரு பேரினமான சூடோஹெமியோடான் மணலுக்கு அடியில் பூச்சி புழு தேடுகிற மீன். கூர்மையான கிராவலில் அதன் அடிவயிறும் உதட்டு இழைகளும் தேய்ந்து புண்ணாகிவிடும்.

வெப்பமும் அப்படித்தான். அமேசான், ஓரினோக்கோ பக்கத்து மீன்கள் 25 முதல் 28 டிகிரி வரை தாங்கும். தெற்கு பிரேசில், உருகுவே பக்கத்து ரைனெலோரிக்காரியாக்கள் குளிர்ந்த தண்ணீர்க்காரர்கள். கோடையில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டுகிற நம் ஊர்களில் எது நம் கையில் இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை.

4. சரி, அடையாளம் காண எந்த மாதிரி போட்டோ எடுக்கணும்?

நாலு படம் வேண்டும். நேர் மேலிருந்து ஒன்று, தலை முதல் வால் வரை. பக்கவாட்டில் ஒன்று, முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரிகிற மாதிரி. தலையை மட்டும் நெருக்கத்தில் ஒன்று, கண் தெளிவாக விழ வேண்டும். நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளியிலிருந்து வாயும் வயிறும். மேலிருந்து எடுத்த பத்துப் படம் சொல்லாததை இந்த ஒரு படம் சொல்லிவிடும்.

இரவில் விளக்கை அணைத்து அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள், முன்கண்ணாடியில் வந்து ஒட்டியிருக்கும். போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து சாய்த்து அடித்தால் கண்ணாடியில் வெளிச்சம் தெறிக்காது, உதட்டில் இருக்கிற சின்ன மேடுகளுக்கு நிழல் விழுந்து அவை தனித்தனியாகத் தெரியும். ஒரு ஸ்கேலைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் நீளமும் கிடைத்துவிடும்.

தயவுசெய்து வலையில் பிடித்து வெளியே எடுத்துப் படம் எடுக்காதீர்கள். கன்னத்து முட்களும் துடுப்பு முள்ளும் மெல்லிய வலைக்கண்ணில் சிக்கி, பிரித்தெடுப்பதற்குள் துடுப்பு கிழிந்துவிடும். தண்ணீரோடு ஒரு ஒளிபுகும் டப்பாவில் ஓட்டிவிட்டு எடுங்கள்.

5. என்னோடது குச்சி மாதிரி ஒல்லியா, மூக்கு நீண்டு இருக்கு. ஃபார்லோவெல்லாவா, ராயலா?

முதுகுத் துடுப்பைப் பாருங்கள். ஃபார்லோவெல்லாவுக்கு அது உடம்பில் வெகுதூரம் பின்னால், கீழே இருக்கும் குதத் துடுப்புக்கு நேர் மேலே தொடங்கும். ராயல் விப்டெயில் என்று விற்கும் ஸ்டூரிசோமா வகைகளுக்கு முன்னால் தள்ளி, வயிற்றுத் துடுப்புக்கு மேலே தொடங்கும். இந்த ஒரு குறி பெரும்பாலும் ஏமாற்றாது.

மற்றபடி ராயலின் முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி உயர்ந்து நிற்கும், மூக்கு நீட்டம் குட்டையாக இருக்கும், வளர்ந்தால் 20 சென்டிமீட்டரை எட்டும். ஃபார்லோவெல்லா அசையாமல் கிடந்தால் காய்ந்த சுள்ளி என்றே நினைக்கத் தோன்றும். இரண்டுக்கும் தண்ணீரில் நல்ல ஓட்டமும் காற்றும் வேண்டும்.

6. மூக்கு நீட்டம் இல்ல, தட்டையா பழுப்பா இருக்கு. அப்ப ரைனெலோரிக்காரியாதானே?

நம் கடைகளுக்கு வருவதில் பெரும்பாலும் அதுதான். ஆனால் லோரிக்காரியா, லோரிக்காரிக்திஸ் என்ற வேறு இரண்டு பேரினங்களும் மேலிருந்து பார்த்தால் அதே பழுப்பு, அதே பட்டை. பிரித்துக் காட்டுவது வாய். அதனால்தான் நான்காம் பதிலில் அந்தப் படத்தைக் கேட்டேன்.

ரைனெலோரிக்காரியாவின் கீழுதடு முழுக்கப் பொடிப்பொடியான உருண்டை மேடுகள் நிறைந்திருக்கும். ஓரத்தில் இழை இருந்தாலும் குட்டையாகவே இருக்கும். லோரிக்காரியாவின் உதட்டில் மேடுகளுக்குப் பதிலாக நூல் நூலாக இழைகள் தொங்கும், ஓரம் முழுக்கக் கிழிந்த துணிபோலத் தெரியும். மேல்தாடையில் பக்கத்துக்கு மூன்று நான்கு பற்கள்தான். அவையும் கீழ்ப்பற்களைவிட இரண்டு மடங்கு நீளம். லோரிக்காரிக்திஸுக்கு உதடு தடித்து, வெல்வெட் போல வழுவழுப்பாக இருக்கும்.

வயிற்றுப் பக்கம் தெளிவாகத் தெரிந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். ரைனெலோரிக்காரியாவுக்குக் குதத்துக்கு முன்னால் ஒரு பெரிய தகடும், அதைச் சுற்றி வழக்கமாக மூன்று பெரிய தகடுகளும் இருக்கும். ஒட்டுக்கல் பதித்த மாதிரி துல்லியமாகத் தெரியும் மீன்களும் உண்டு.

7. கண்ணுக்குப் பின்னால வெட்டு இருக்கான்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியவே மாட்டேங்குதே?

தலையை நெருக்கமாக எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரைனெலோரிக்காரியா, லோரிக்காரியா போன்றவற்றுக்குக் கண்குழியின் வட்டம் முழுமையாக இருக்காது. பின்விளிம்பில் ஒரு சின்ன வளைவு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், அதுதான் அந்த வெட்டு. ஃபார்லோவெல்லாவுக்கும் ராயலுக்கும் கண்குழி சீரான வட்டம். மணலில் புதையும் இன்னொரு தட்டை விப்டெயிலான பிளானிலோரிக்காரியாவுக்கு இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குச் சின்னது.

பலர் தேடுவது தப்பான இடத்தில். கருவிழிக்குள் மேலிருந்து இறங்கும் ஒரு மடிப்பு இருக்கும். பகலில் விரிந்து வெளிச்சத்தை மறைக்கும், இரவில் சுருங்கிவிடும். அது கண்ணுக்குள் இருப்பது. நாம் தேடும் வெட்டு கண்ணைச் சுற்றிய எலும்பில் இருப்பது.

8. நிறத்தையும் கோட்டையும் வெச்சே சொல்லிட முடியாதா?

முடியாது. இந்தக் கூட்டத்தில் நிறம் மாதிரி ஏமாற்றுவது வேறில்லை. ஒரே மீன் கருப்பு மணலில் கருத்து, வெள்ளை மணலில் வெளுத்து நிற்கும். பயந்தால் பட்டைகள் தெளிவாகும், இரவில் மங்கிப்போகும், கடைத் தொட்டியில் ஒரு நிறம், வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் வேறு நிறம்.

இதற்கு உச்சகட்ட உதாரணம் சூடோஹெமியோடான் அபிதானோஸ். எக்வடார், பெரு, கொலம்பியா பக்கத்து மீன், 1978-இல் இஸ்புருக்கர், நைசன் இருவரும் விவரித்தது. வெளிறிய உடம்பில் கருப்புத் திட்டோடு இருக்கும் மீன் கொஞ்ச நேரத்தில் முழுக்கக் கருப்பாகிவிடும். பச்சோந்தி விப்டெயில் என்று அதை விற்பது அதனால்தான். நிறத்தைக் கடைசிக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வாயும் துடுப்பும் ஒரு பேரினத்தைக் காட்டிய பிறகு, அதற்குள் இனங்களைச் சலிக்க நிறக்கோலம் உதவும்.

9. வால்ல நூல் ரொம்ப நீளம். அது ஏதாவது உசத்தி இனமா?

நூலின் நீளம் இனத்தைச் சொல்லாது. கடையில், பயணத்தில், மற்ற மீன் கடித்து அறுந்துபோய் மறுபடி வளரும். அதே தொட்டியில் நாலு மீனுக்கு நாலு நீளம் இருக்கும். எங்கிருந்து நூல் வளர்கிறது என்பது கொஞ்சம் உதவும். வாலின் மேல்நுனியில் மட்டும் நீளமாக இருந்தால் ரைனெலோரிக்காரியா, லோரிக்காரியா பக்கம் பாருங்கள். மேலும் கீழும் இரண்டிலும் நீளமாக ஓடினால் ராயல் பக்கம்.

முதுகுத் துடுப்பு, மார்புத் துடுப்பு, வால் எல்லாவற்றிலும் நூல் விட்டிருந்தால் லமோண்டிக்திஸ் என்ற பேரினமாக இருக்கலாம். வேகமான ஆற்றில் பிறந்த மீன், தொட்டியில் நிலைநிறுத்துவது மிகக் கஷ்டம். அனுபவம் இல்லாமல் அழகுக்காக வாங்க வேண்டாம்.

10. கடைக்காரர் "பார்வா"ன்னு எழுதிக் குடுத்தார். அதை நம்பலாமா?

பார்வா என்பது ரைனெலோரிக்காரியா பார்வா. 1895-இல் புலெஞ்சே பெயரிட்டது, பரகுவே, பரானா ஆற்றுப்படுகை மீன். உலகம் முழுக்கச் சின்ன பழுப்பு விப்டெயில் எதுவானாலும் இந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. பெட்டி கொலம்பியாவிலிருந்து வந்திருந்தால் உள்ளே இருப்பது காட்டில் பிடித்த பார்வாவாக இருக்க வாய்ப்பில்லை.

கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு வந்த பட்டியலில் இருந்ததைத்தான் எழுதினார். கொளத்தூர் ஆகட்டும் வேறு ஊராகட்டும், நீங்கள் கேட்க வேண்டியது "இது என்ன இனம்" என்பதை அல்ல. "எந்த நாட்டிலிருந்து வந்தது, பண்ணையில் பொரித்ததா, பிடித்ததா" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்தால் அதைத் தேதியோடு எழுதி வையுங்கள். ரைனெலோரிக்காரியாவில் விவரிக்கப்பட்ட இனங்கள் அறுபதுக்கும் மேல். ஆற்றின் பெயர் தெரிந்தால் அந்தப் பட்டியல் கையளவு ஆகிவிடும். தெரியாவிட்டால் அது அறுபதாகவே நிற்கும்.

11. அப்போ லான்சியோலாட்டா, ஃபாலக்ஸ், ஐகன்மேனி இதெல்லாம் படத்தைப் பாத்து ஒப்பிடறது வேஸ்டா?

இவை எல்லாம் ரைனெலோரிக்காரியாவின் இனங்கள். ஒப்பிடுவது வேஸ்ட் இல்லை, ஆனால் அதைக் கடைசியில் செய்ய வேண்டும். முதலில் ஆறாம், ஏழாம் பதில்களின்படி ரைனெலோரிக்காரியாதான் என்று உறுதி செய்யுங்கள். பிறகு கிடைத்த நாட்டை வைத்து வடிகட்டுங்கள்: லான்சியோலாட்டா மேல் அமேசான், ஐகன்மேனி வெனிசுவேலா. மிச்சமிருக்கும் பெயர்களுக்கு மட்டும் படம் ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது முதுகுத் துடுப்பில் கருமை எந்த இடத்தில் விழுகிறது, தலைக்குப் பின்னால் பட்டைகள் எங்கே உடைகின்றன, வளர்ந்த ஆணுக்கு முட்கள் எங்கெங்கே என்று பாருங்கள். ஒட்டுமொத்தச் சாயலை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கிற படங்களில் கணிசமானவை தப்பான பெயரோடு சுற்றுகின்றன. ஒரே மூலப் படம் பத்து இடத்தில் இருப்பது பத்துச் சாட்சி ஆகாது.

12. சிவப்பு விப்டெயில் எந்த ஆத்து மீன்?

எந்த ஆற்றிலும் பிடித்ததாகப் பதிவு இல்லை. எல்-010ஏ (எல் நம்பர் என்ன என்பது அடுத்த பதிலில்) என்று அழைக்கப்படும் இந்தச் செங்கல் நிற ரைனெலோரிக்காரியா தொட்டியில் வளர்த்தெடுக்கப்பட்டது. கலப்பில் தோன்றியது என்பதே பரவலான கருத்து. பிரேசிலிலிருந்து வந்த எல்-010 என்ற மீன் வேறு. நம்பர் ஒட்டியிருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

வளர்க்க நல்ல மீன், சாது, எளிதில் முட்டை வைக்கும். ஆனால் இதற்கு இனப்பெயர் தேடாதீர்கள். "ரைனெலோரிக்காரியா, எல்-010ஏ" என்பதே முழுமையான, சரியான பெயர். குஞ்சுகள் எல்லாம் ஒரே சிவப்பில் வராமல் பழுப்புப் பட்டையோடு சில வந்தால் பதற வேண்டாம். ஆனால் அவற்றைப் பார்வா என்று பெயர் மாற்றி விற்கவும் வேண்டாம்.

13. இந்த எல் நம்பர்தான் என்ன? எல்லா விப்டெயிலுக்கும் இருக்கா?

ஜெர்மனியின் டாட்ஸ் என்ற அக்வேரியப் பத்திரிகை 1988-இல் தொடங்கிய முறை. பெயரே வைக்கப்படாத புதுப்புது உறிஞ்சுவாய் மீன்கள் வந்து குவிந்ததால், படத்தோடு ஒரு எண் கொடுத்து அடையாளப்படுத்தினார்கள். பெரும்பாலும் ப்ளெக்கோக்கள், விப்டெயில்கள் குறைவு. உங்கள் மீனுக்கு எண் இல்லை என்றால் அது அபூர்வம் என்றோ போலி என்றோ அர்த்தமில்லை.

14. ஒரு புக்ல ஹெமிலோரிக்காரியான்னு இருக்கு, இன்னொண்ணுல ரைனெலோரிக்காரியான்னு இருக்கு. எது சரி?

இரண்டுமே 1862-இல் ப்ளீக்கர் வைத்த பேரினப் பெயர்கள். ஹெமிலோரிக்காரியாவை வெகுகாலம் யாரும் பயன்படுத்தவில்லை. 2001-இல் இஸ்புருக்கரும் மற்றவர்களும் அதை மீண்டும் எடுத்து, ரைனெலோரிக்காரியாவிலிருந்து பல இனங்களை அதற்கு மாற்றினார்கள். மீனியலாளர்களில் பெரும்பாலோர் அந்தப் பிரிவை ஏற்காமல் எல்லாவற்றையும் ரைனெலோரிக்காரியாவிலேயே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் சிலர் இன்றும் பழைய லேபிளைத் தொடர்கிறார்கள். இரண்டாம் சொல் ஒன்றாக இருந்தால் மீன் ஒன்றுதான். நீங்கள் ரைனெலோரிக்காரியா என்று எழுதினால் போதும்.

15. ராயல் விப்டெயில், பனமென்ஸேன்னு வாங்கினேன். சரியா இருக்குமா?

சந்தேகம்தான். ராயல் என்று வருவது எல்லாவற்றுக்கும் பனமென்ஸே என்று எழுதுவது கடைப் பழக்கம். ராயல் என்று விற்கும் இனங்களில் பனமென்ஸேயின் ஊர் பனாமாவும் அதையொட்டிய பசிபிக் கரை ஆறுகளும். ஆரியம் கொலம்பியாவின் மக்தலேனா ஆற்றுப்படுகை. ஃபெஸ்டிவம் மராகைபோ ஏரிப் படுகை. ஃபெஸ்டிவத்துக்கு வால் நூல்கள் அசாதாரண நீளம், ஆனால் ஒன்பதாம் பதிலை மறக்க வேண்டாம்: அறுந்த நூலோடு வந்தால் அந்தக் குறியும் போச்சு.

பேரினப் பெயரும் மாறியிருக்கிறது. மரபணு ஆய்வில் ஆண்டிஸ் மலைக்கு மேற்கே, வடக்கே இருக்கும் இந்த மூன்றும் ஸ்டூரிசோமாடிக்திஸ் என்ற பேரினத்தோடு சேர்ந்தவை என்று தெரியவந்தது. மலைக்குக் கிழக்கே அமேசான், பரகுவே பக்கத்தில் இருப்பவையே இப்போது ஸ்டூரிசோமா. கடைகள் இன்னும் பழைய பெயரில்தான் விற்கின்றன. தொட்டியில் பொரித்த ராயல்களில் கலப்பும் கலந்திருக்கலாம் என்பதால், பெற்றோர் எங்கிருந்து வந்தவை என்று தெரியாமல் நான் இவற்றுக்கு இனப்பெயர் சொல்வதில்லை.

16. ஃபார்லோவெல்லா ஆக்கஸ் வெச்சிருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்களே?

அநேகமாக யாரிடமும் இல்லை. ஆக்கஸ் வெனிசுவேலாவின் வலென்சியா ஏரிப் படுகையிலும் அருகே டொரிட்டோ ஆற்றிலும் மட்டும் வாழ்கிற மீன். அந்த ஏரி கழிவால் பாழ்பட்டுக் கிடக்கிறது. மீன் அழிவின் விளிம்பில் இருக்கிறது. கடைக்கு வருவதில் பெரும்பாலானவை ஓரினோக்கோ படுகையின் விட்டாட்டா என்ற இன்னொரு ஃபார்லோவெல்லா இனம். மூக்கிலிருந்து வால் வரை பக்கவாட்டில் ஒரு கருங்கோடு ஓடும்.

இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஆயிரக்கணக்கான தொட்டிகளில் ஆக்கஸ் இருக்கிறது என்று லேபிள்கள் சொன்னால், உண்மையான ஆக்கஸ் தீர்ந்துபோவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். கோடு தெளிவாக இருந்தால் "விட்டாட்டாவாக இருக்கலாம்" என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் வெறும் ஃபார்லோவெல்லா என்று விடுங்கள்.

17. கன்னத்துல தாடி மாதிரி முள் வந்திருக்கு. இது வேற இனமா, நோயா?

இரண்டும் இல்லை, ஆண். ரைனெலோரிக்காரியா ஆணுக்குப் பருவம் வந்ததும் கன்னத்தின் இரு பக்கமும், மார்புத் துடுப்பு முள்ளின் மேலும் பிரஷ் மயிர் போல முட்கள் அடர்ந்து வரும். மேலிருந்து பார்த்தால் தலை அகன்று தெரியும். ராயல் ஆணுக்கும் கன்னத்தில் வரும். ஃபார்லோவெல்லா ஆணுக்கு மூக்கு நீட்டத்தின் பக்கங்களில் வரும். பருவம் முடிந்தால் குட்டையாகவும் செய்யும்.

ஒரே கூட்டத்தில் தாடி உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை தெரிகிறது என்பதற்காக இரண்டு இனம் என்று பிரித்துவிடாதீர்கள். அது ஜோடி.

18. முட்டை வெச்சிருக்கு! இதை வெச்சு ஏதாவது சொல்ல முடியுமா?

வாய்க்கு அடுத்தபடி மிக நம்பகமான சாட்சி இதுதான். எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். பிவிசி குழாய், மூங்கில் குழல் மாதிரிப் பொந்துக்குள் வைத்து, ஆண் மேலே படுத்து விசிறிக்கொண்டிருந்தால் ரைனெலோரிக்காரியா. கண்ணாடியிலோ அகன்ற இலையிலோ கட்டையிலோ திறந்தவெளியில் வைத்து ஆண் காவல் நின்றால் ராயல் அல்லது ஃபார்லோவெல்லா. எது என்று ஐந்தாம் பதிலை வைத்துப் பிரித்துவிடலாம்.

ஆண் மீன் முட்டைக் கொத்தை வாயடியில் தூக்கிக்கொண்டே திரிந்தால் அது லோரிக்காரியா, லோரிக்காரிக்திஸ், சூடோஹெமியோடான் வட்டம். லோரிக்காரிக்திஸ் ஆணுக்கு அந்தப் பருவத்தில் கீழுதடு பெரிதாக வளர்ந்து தொங்கும், முட்டை அதில் ஒட்டியிருக்கும். வாயில் ஏதோ கட்டி என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். இந்த நேரத்தில் டப்பாவில் பிடித்துப் படம் எடுக்கவும் வேண்டாம், முட்டையை உதறிவிடும்.

19. மணல்ல புதைஞ்சு கண்ணு மட்டும் தெரியுது. தலை ரொம்ப அகலம். இது என்ன?

சூடோஹெமியோடான் அல்லது பிளானிலோரிக்காரியா பக்கம். உடம்பு அப்பளம் மாதிரி தட்டை, வாயைச் சுற்றி இழைகள். கண்ணுக்குப் பின்னால் வெட்டு தெளிவாக இருந்தால் முன்னது, இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தால் பின்னது. பெயர் உறுதியாகும் முன்பே கிராவலை எடுத்துவிட்டு நுண்மணல் போடுங்கள்.

20. குஞ்சு மூணு சென்டிமீட்டர்தான் இருக்கு. இப்பவே சொல்ல முடியுமா அண்ணா?

ஃபார்லோவெல்லாவா, ராயலா, தட்டை விப்டெயிலா என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல் வேண்டாம். உதட்டு மேடுகளும் வயிற்றுத் தகடுகளும் முழுதாக உருவாகியிருக்காது, ஆணுக்கு முள் வந்திருக்காது. எட்டு ஒன்பது சென்டிமீட்டர் வந்த பிறகு நான்காம் பதிலின்படி மறுபடி படம் எடுங்கள். இடையில் மாதம் ஒரு படம் எடுத்து வைத்தால் நிறம் எப்படி மாறுகிறது என்பதும் பதிவாகும்.

21. ரெண்டு விதமான விப்டெயிலை ஒரே தொட்டில விடலாமா?

பேரினம் வேறு என்றால் தாராளமாக. ரைனெலோரிக்காரியாவும் ஃபார்லோவெல்லாவும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. ஃபார்லோவெல்லாவுக்குச் சாப்பாடு போய்ச் சேர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது மெதுவாகச் சாப்பிடும். ஒரே பேரினத்தின் இரண்டு இனங்களைச் சேர்த்து வைக்க வேண்டாம், குறிப்பாக இரண்டு ராயல்களையும், சிவப்பு விப்டெயிலோடு வேறு ரைனெலோரிக்காரியாவையும். கலந்து பிறந்த குஞ்சு ஒரு கடைத் தொட்டிக்குள் போய்விட்டால் அதற்கப்புறம் எந்தப் படமும் எந்த உதட்டு மேடும் அதை அடையாளம் காட்டாது.

22. எவ்ளோ பாத்தும் இனம் பிடிபடல. குஞ்சுகளை வேற ஆளுக்குக் குடுக்கலாமா? என்ன பேர் சொல்லிக் குடுக்கறது?

கொடுக்கலாம். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: பேரினப் பெயர், கடையில் என்ன பெயரில் விற்றார்கள், எந்த நாட்டுச் சரக்கு என்று சொன்னார்கள், பெற்றோர் இரண்டும் ஒரே தடவை வாங்கியவையா, எந்த மாதம் பொரித்தவை. உதாரணமாக, "ரைனெலோரிக்காரியா, இனம் உறுதியில்லை, கடையில் பார்வா என்று விற்றது, கொலம்பியச் சரக்கு, பெற்றோர் ஒரே பெட்டி." வாங்குகிறவர் இதை வைத்து நாளைக்கு மேலே தேடலாம். ஊகித்து எழுதிய இனப்பெயர் அந்த வழியை அடைத்துவிடும்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். ஏரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள். வீட்டுத் தொட்டியிலிருந்து போன சக்கர் மீன்கள் ஏற்கெனவே தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களைத் தவிக்க வைத்துக்கொண்டிருக்கின்றன.

பெற்றோர் செத்தால் தூக்கி எறியாமல், வாயும் வயிறும் தெரிகிற மாதிரி ஸ்கேலோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்கும்போது அசைந்துகொண்டே இருந்த மீனின் பற்களை அப்போது எண்ணிவிடலாம். அந்தப் படத்தைக் குஞ்சு வாங்கியவருக்கும் அனுப்பி வையுங்கள்.